போகிப் புகையில் ஒரு ரயில்

ஜல்லியில் நடக்கிறவனுக்கு வலி முதலில் குதிகாலில்தான் குடியேறும். ஜெபராஜுக்கு இடது குதிகால். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால், கீழே யாரோ ஆணியை நிமிர்த்தி வைத்திருந்த மாதிரி சுரீர் என்று ஏறும். பத்தடி நடந்தால் மரத்துப் போகும். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, சோறு தின்று, கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே ஆணி.

பத்தொன்பது வருடமாக ரயில் பாதையில் வேலை. அதில் கடைசி எட்டு வருடம் கீமேன். பெருங்களத்தூரிலிருந்து இரும்புலியூர் வரைக்கும் பாதையைத் தினமும் நடந்தே பார்க்க வேண்டும். தண்டவாளத்தை அதன் கீழே குறுக்கே கிடக்கும் சிலீப்பர் கட்டைகளோடு கவ்விப் பிடித்திருக்கும் க்ளிப்புகளில் எது நெகிழ்ந்திருக்கிறதோ அதைச் சுத்தியலால் அடித்து உட்கார வைக்க வேண்டும். தோளில் சுத்தியல், ஸ்பானர், கொடிகள், விளக்கு, ஆபத்தென்றால் வண்டியை நிறுத்த வெடிக்கிற பட்டாசு டப்பா. எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன அரிசி மூட்டை கனம்.

மதியம் வந்ததும் அவன் செய்கிற முதல் காரியம், பிளாஸ்டிக் டப்பில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, கைப்பிடி கல்லுப்புப் போட்டு, காலை உள்ளே வைப்பது. இரண்டாவது காரியம், போனைத் திறந்து பனியில் ஓடுகிற ரயில்களைப் பார்ப்பது.

எல்லாம் மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம் ஓடுகிற குறும்படங்கள். எந்த நாட்டில் எடுத்தது என்றுகூடப் பாதிக்கு மேல் அவனுக்குத் தெரியாது. வெள்ளைக் காடு. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. அது வளர்ந்து வண்டியாகி, மூக்கில் பனியை அப்பிக்கொண்டு, பஞ்சு மெத்தைமேல் ஓடுகிற மாதிரி சத்தமில்லாமல் கடந்து போகும். அப்புறம் மறுபடி வெள்ளை. அவ்வளவுதான் படம். கீழே வெந்நீரில் கால் சிவந்துகொண்டிருக்க, மேலே பனி கொட்டுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. வெளியே தாம்பரம் வெயில் தகர ஷீட்டைப் பொரித்துக்கொண்டிருக்கும்போது இன்னும் கூடுதல் சுகம்.

"நாள் பூரா ரயிலைப் பார்த்துட்டு வந்து இங்கயும் ரயிலா?" என்பாள் அபிகாயில். சேலையூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர் அவள். "நான் வீட்டுக்கு வந்து எல்.கே.ஜி. பசங்க அழுறதைப் போட்டுப் பார்க்கிறேனா?"

"இது அந்த ரயில் இல்ல. அங்க தண்டவாளத்த பாரு. ஊரே வெள்ளையா கீது, ரெண்டு கோடு மட்டும் கறுப்பா சுத்தமா கீது. எவனோ விடியக்காலைல எழுந்து வந்து பனிய வாரிக் கொட்டிகிறான். அதுக்கப்புறந்தான் கேமராக்காரன் வந்துகிறான்."

"உங்களுக்கு மட்டும்தான் அது தெரியும்."

"எனக்குத் தெரியுதுல்ல, போதும்."

இந்தப் பழக்கத்தை ஏற்றிவிட்டவன் முதாசிர். தாம்பரத்தில் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவன். கேம்ப் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவின் மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை அவனுக்கு. காலையிலிருந்து சாயங்காலம்வரை திரை நிறைய முகங்கள். மொய்க் கவர் கொடுக்கும் முகம், பிரியாணி மெல்லும் முகம், சிரிக்கச் சொன்னதால் சிரிக்கும் முகம். பதினைந்து வருடமாக வெட்டுகிறான். கடைசியில் ஓடும் எழுத்தில் ஸ்டுடியோ முதலாளி பெயர் வரும், லைட் பிடித்தவன் பெயர்கூட ஒருமுறை வந்தது. முதாசிர் பெயர் எதிலும் வந்ததில்லை.

அவனுக்கும் பனி ரயில் என்றால் உயிர். காரணம்தான் வேறு.

"ஒரு மூஞ்சி இல்ல பாரு மச்சான்," என்பான். "நாலு நிமிஷம் ஓடுது, ஒரு மனுசன் கெடையாது. இன்னா நிம்மதியா கீது."

"மனுசன் இல்லாம ரயில் எப்டிடா வரும்? லைன் பிரியற பாயிண்ட் பக்கத்துல பனி உருகறதுக்கு தீ எரியுதே, அத யாரு வெச்சது, உங்க மாமனாரா?"

"அத நீ பாக்குற. நான் பாக்கல. எனக்குத் தேவையில்ல."

இந்தச் சண்டை இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. இருவரில் ஒருவரும் இறங்கி வந்ததில்லை.

போன டிசம்பரில் நாவலூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த குறும்பட வட்டம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. 'குளிர்கால ரயில்' என்பது தலைப்பு. நான்கு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். அனுப்புகிறவரே எடுத்திருக்க வேண்டும். காணும் பொங்கலன்று மதியத்துக்குள் வந்து சேர வேண்டும். தேர்ந்தெடுத்த படங்களைப் பிப்ரவரியில் பெரிய திரையில் போடுவார்கள்.

முதாசிர் அதைப் படித்த அன்றே டீயோடு வந்து உட்கார்ந்துவிட்டான். முகத்தில் கேலி இல்லை.

"என் பேர்ல ஒரு படம் மச்சான். ஒண்ணே ஒண்ணு. ஆனா நம்ம ஊர்ல குளிருக்கு எங்க போறது? மார்கழி வந்தா ஃபேன ஒரு பாயிண்ட் கொறைப்போம், அவ்ளோதான் நம்ம குளிரு. காஷ்மீருக்குப் போலாம்னா லீவும் இல்ல, வழியும் இல்ல."

ஜெபராஜ் டப்பிலிருந்து காலை எடுத்துத் துண்டில் ஒற்றினான். "போகி" என்றான்.

"இன்னா போகி?"

"போகி அன்னிக்கு விடியக்காலைல இரும்புலியூர்ல வந்து நில்லு. வூட்டுக்கு வூடு பழைய பாய், தலகாணி, முறம் எல்லாத்தையும் போட்டுக் கொளுத்துறானுங்க. அந்தப் புகையும் பனியும் ஒண்ணா சேந்து லைன் மேல அப்டியே படுத்துக்கும். அம்பதடில நிக்கிற சிக்னல் நெழலாட்டம்தான் தெரியும். தெக்க இருந்து வர்ற எக்ஸ்பிரஸ் லைட்டப் போட்டுகினு மொள்ள வரும். எட்டு வருசமா பாக்கறேன். உங்க ரஷ்யால்லாம் அப்புறம்தான்."

முதாசிர் டீயைக் குடிக்க மறந்துவிட்டான்.

"ஆளுங்க இருப்பாங்களே?"

"லைன்ல எவனும் இருக்க மாட்டான். வேலிக்கு அந்தாண்ட பொன்னியம்மாக்கா வூட்டு மொட்டைமாடி கீது. அங்கருந்து பாத்தா வளைவு பூரா தெரியும். நான் அஞ்சு அம்பதுக்கெல்லாம் அந்த எடத்தத் தாண்டிப் போயிடுவேன். வண்டி ஆறு இருவதுக்கு. நடுவுல அரை மணி நேரம் காலியா கெடக்கும். ஆளே இருக்காது. நான் சொல்றேன்ல, என்ன நம்பி வா."

அப்படித்தான் வாக்குக் கொடுத்தான். தன் பாதையைப் பற்றி அவன் சொல்லி எதுவும் தப்பியதில்லை. எந்தச் சிலீப்பரின் கீழே எலி வளை இருக்கிறது என்பதுகூட அவனுக்கு அத்துப்படி.

பொன்னியம்மாள் இட்லிக் கடை வைத்திருப்பவள். மாடி கேட்டபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏந்தம்பி, ஹீரோயின் யாரு?"

"ரயிலுதான்க்கா."

"அத நான் தெனம் ஓசில பாக்கறேன். அதப் போயி படம் புடிக்கறானாம்." சொல்லிக்கொண்டே மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டாள். புகை பத்தாமல் போய்விடக் கூடாது என்று, காய்ந்தும் காயாத தென்னை மட்டை நாலு கட்டு வாங்கி வேலியோரம் அடுக்கியும் வைத்தாள். அவளுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

போகி அன்று ஐந்து மணிக்கு ஜெபராஜ் பெருங்களத்தூரிலிருந்து நடக்க ஆரம்பித்தபோதே தெரிந்துவிட்டது, இந்த வருடம் புகை அமோகம் என்று. கண் எரிந்தது. தண்டவாளம் கைக்கு ஜில்லென்று, ஈரமாக இருந்தது. விளக்கு வெளிச்சம் நாலு சிலீப்பருக்கு மேல் போகவில்லை. எங்கோ மேளம் அடிக்கும் சத்தம் மட்டும் பஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. படத்தில் வருகிற ஊருக்குள் நடப்பதுபோல் அவனுக்கே ஒரு குஷி பிறந்தது. முதாசிர் மேலே கேமராவை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறானோ என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான்.

சரியாக ஐந்து நாற்பத்தைந்துக்குப் பொன்னியம்மாள் வீட்டுக்கு நேராக வந்தான். இன்னும் ஐம்பதடி நடந்தால் வளைவைத் தாண்டிவிடுவான்.

அங்கேதான் விளக்கு வெளிச்சத்தில் ஒரு க்ளிப் சிலீப்பருக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. குனிந்தான். அடுத்த சிலீப்பரிலும் பாதி வெளியே. அதற்கடுத்ததும் அப்படியே. வளைவின் வெளித் தண்டவாளத்தில் வரிசையாக ஐந்து. நேற்று மதியம் பார்த்தபோது ஐந்தும் நறுக்கென்று உட்கார்ந்திருந்தன. வண்டிகளின் அதிர்ச்சியில் ஒன்று நெகிழ்ந்தால் பக்கத்துக்காரனும் கூடவே கிளம்புவான்; அது வளைவுகளின் குணம்.

ஐந்து க்ளிப்புக்கு ரயில் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. அதுவும் அவனுக்குத் தெரியும். வண்டி போன பிறகு திரும்பி வந்து சாவகாசமாக அடிக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. மாடியில் இருப்பவனுக்கோ இது வருடத்துக்கு ஒரு தடவை வருகிற புகை.

ஜெபராஜ் அரை நிமிஷம் நின்றான். அதற்குமேல் யோசிக்க அவனுக்குப் பழக்கமில்லை. பார்க்காமல் தாண்டியிருந்தால் அது வேறு. பார்த்துவிட்டான். தோளிலிருந்த பையை இறக்கினான்.

சாதாரண நாளில் பத்து நிமிஷ வேலை. அன்று இரண்டு இடத்தில் தண்டவாளத்துக்கும் க்ளிப்புக்கும் நடுவே இருக்கும் தகடு நகர்ந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்து, துருவைத் தட்டி, ஈரத்தில் வழுக்கும் க்ளிப்பை நேராகப் பிடித்து அடிக்க வேண்டியிருந்தது. ஒற்றை ஆள், ஒற்றை விளக்கு. மூன்றாவது க்ளிப் அடிக்கும்போது சட்டைப் பையில் போன் துடித்தது. எடுக்கவில்லை. பாதையில் நிற்கும்போது போனை எடுக்கக் கூடாது என்பது சட்டம். அப்படி எடுத்த இரண்டு பேரின் சாவுக்கு அவன் போயிருக்கிறான். அது நின்றது. மறுபடி துடித்தது. மொத்தம் பதினோரு தடவை. புகைக்கு மேலே எங்கிருந்தோ பொன்னியம்மாள் குரல் வந்தது.

"தம்பி ஜெபா, எட்ட வந்துடுப்பா. கேமராக்காரத் தம்பி அழுவுது இங்க."

மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. ஐந்தாவது க்ளிப் 'நறுக்' என்று உட்கார்ந்தபோது மணி ஆறு பதினெட்டு. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பாதையைவிட்டு விலகினான். தெற்கே புகைக்குள் மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது.

பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு சிக்னல் பெட்டி நின்றது. அதன் பின்னால் போய்க் குந்தியிருந்தால் படத்தில் விழுந்திருக்க மாட்டான். பின்னாளில் முதாசிர் இதை ஆயிரம் முறை சொல்லிக் காட்டினான். ஆனால் புகையில் வரும் ஓட்டுநர் ஒரு மனுஷன் தெரிவதையும், அடுத்த கணம் மறைவதையும் பார்த்தால் என்ன நினைப்பார்? குறுக்கே விழுந்தான் என்று நினைப்பார். பிரேக் போடுவார். கீமேன் வண்டிக்கு முகம் கொடுத்து நிற்க வேண்டும். விளக்கைக் காட்ட வேண்டும். கடைசிப் பெட்டிவரை சக்கரங்களைப் பார்க்க வேண்டும், ஏதாவது தொங்குகிறதா, தீய்ந்த வாடை வருகிறதா என்று. அப்புறம் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டுக்குக் கை காட்ட வேண்டும். ஜெபராஜ் நின்றான். நிமிர்ந்து நின்றான். இருபத்து மூன்று பெட்டியும் போகும்வரை நின்றான்.

வண்டி போனதும் முதாசிர் மாடியிலிருந்து இறங்கி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். கண் சிவந்திருந்தது. புகையா வேறெதுவுமா என்று ஜெபராஜ் கேட்கவில்லை.

"ஆளே இருக்காதுன்னியே மச்சான்."

"க்ளிப்பு கெளம்பிகினு இருந்துச்சுடா. அஞ்சு."

"அஞ்சுக்கு வண்டி கவுந்துடுமா?"

"கவுறாது."

"அப்போ?"

"அப்போ இன்னா? பாத்துட்டேன். அடிச்சேன்."

"அந்தப் பொட்டிக்குப் பின்னாடியாவது குந்தியிருக்கலாம்ல? எலெக்சன்ல நிக்கிற மாதிரி வெறச்சிகினு நிக்கிற. கைய வேற காட்ற."

"கார்டுக்குக் காட்டணும்டா."

"போன் பண்ணேனே."

"தெரியும்."

பொன்னியம்மாள் இரண்டு தட்டில் இட்லி கொண்டுவந்து வேலிமேல் வைத்தாள். "சண்ட போடறதுன்னா துன்னுட்டுப் போடுங்க. ஆறிப்போயிடும்." முதாசிர் சாப்பிடவில்லை. கேமராப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஜெபராஜ் தன் தட்டைக் காலி செய்துவிட்டு அவனுடைய தட்டிலிருந்தும் இரண்டை எடுத்துக்கொண்டான். வேலை செய்தவனுக்குப் பசிக்கும்.

அடுத்த இரண்டு நாளும், பொங்கலும் மாட்டுப் பொங்கலும், முதாசிர் ஸ்டுடியோ மாடியிலேயே கிடந்தான். படத்திலிருந்து ஜெபராஜை அழிக்கப் பார்த்தான். கல்யாண வீடியோவில் வேண்டாத மாமாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாழை மரம் வைக்கிற கை அது. ஆனால் புகை அசைந்துகொண்டே இருந்தது. ஆளை எடுத்தால் புகையில் ஆள் உருவத்துக்கு ஓட்டை விழுந்தது. ஓட்டையை மூடினால் ரயில் வெளிச்சம் அந்த இடத்தில் தப்பாக விழுந்தது. காணும் பொங்கலன்று காலை ஜெபராஜுக்குப் போன் வந்தது. அன்று அவனுக்கு ஓய்வு நாள்.

"உன்ன அழிக்க முடில மச்சான். ரொம்ப பேஜாரா கீது."

"அப்டியே அனுப்பு."

"மனுசன் இல்லாத படம் எடுக்க வந்தேன் நானு."

"அனுப்புடா. புகை நல்லா கீதுல்ல? ரயிலு நல்லா கீதுல்ல? உன் பேரப் போட்டு அனுப்பு."

பன்னிரண்டு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது அனுப்பினான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாவலூர் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் திரை கட்டியிருந்தார்கள். ஜெபராஜ், அபிகாயில், முதாசிர் மூவரும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஏசி குளிர் எலும்புவரை ஏறியது. வட்டத்தை நடத்துகிற மாளவிகா என்ற பெண் ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர் பெயரைப் படித்தாள். ஒன்பதாவது படம். "இரும்புலியூர். எடுத்தவர், முதாசிர்." மைக்கில் அந்தப் பெயர் கேட்டதும் முதாசிர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

திரையில் வெள்ளை. நிஜமாகவே பனி மாதிரிதான் இருந்தது. பக்கத்து வரிசையில் ஒருவர் தன் மனைவியிடம், "இது நம்ம இரும்புலியூரா? பஸ்ல போறப்போ இப்படி இல்லையே," என்றார். ஜெபராஜுக்குக் காலர் ஒரு அங்குலம் தூக்கிக்கொண்டது.

வெள்ளைக்குள் ஒரு சின்ன மங்கல் வெளிச்சம். அதற்குப் பக்கத்தில் குனிந்த உருவம் ஒன்று. சுத்தியல் ஓங்கியது, இறங்கியது. சத்தம் வரவில்லை. கண் இமைக்கும் நேரம் கழித்துத்தான் 'டங்' என்று வந்தது. மறுபடி ஓங்கியது, இறங்கியது. வெறுமை. டங்.

"சவுண்ட் தள்ளி வருது," என்றது முன்னாலிருந்து ஒரு குரல்.

"தூரத்துல இருந்து எடுத்தா அப்படித்தான் வரும், சும்மா இரு," என்றது இன்னொரு குரல்.

ஜெபராஜ் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். பத்தொன்பது வருடமாக அடிக்கிறான். அவன் அடியும் அதன் சத்தமும் அவனுக்கு ஒன்றாகத்தான் வந்திருக்கின்றன. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் வெவ்வேறாக வரும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. வண்டி வந்தது. உருவம் ஒதுங்கி நிமிர்ந்தது. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் கை உயர்ந்தது. எல்லாம் போன பிறகு அந்த ஆள் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு வெள்ளைக்குள் நடந்து மறைந்தான். இடது காலை லேசாக இழுத்து.

"நொண்டுறீங்க," என்றாள் அபிகாயில் மெதுவாக. "சொல்லவே இல்லை."

அவனுக்கு இன்னொன்றும் தெரிந்தது. மற்ற எட்டுப் படங்களையும் ஆற அமரப் பார்த்தவன் இதை அப்படிப் பார்க்கவில்லை. கண் வளைவின் வெளித் தண்டவாளத்திலேயே இருந்தது. அந்த ஐந்து இடத்தையும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. பனி ரயில் தருகிற அந்த நிம்மதி இதில் அவனுக்கு ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. முதாசிர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது என்னவென்று அன்றுதான் பிடிபட்டது. மனுஷன் இல்லாத இடத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் மூச்சு விடுவது. அதற்காகத்தானே தானும் டப்பில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்? பனியை வாரியவனைப் பற்றிப் பேசினானே ஒழிய, அவனை ஒரு படத்திலும் பார்க்க வேண்டி வந்ததில்லை.

கைதட்டல் நன்றாகவே விழுந்தது. மாளவிகா வந்து முதாசிரின் கையைக் குலுக்கினாள்.

"அந்த ஆளை எங்க பிடிச்சீங்க சார்? நடிப்பு மாதிரியே இல்லை. அந்த ஐடியாதான் படமே."

முதாசிர் சிரித்தான். "எங்க ஏரியா ஆளுதான் மேடம்" என்றான். ஜெபராஜ் பக்கத்திலேயே நின்றான். இஸ்திரி போட்ட சட்டையில் அவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

திரும்பும்போது மேடவாக்கத்தில் டீ குடிக்க நின்றார்கள். முதாசிர் கண்ணாடி டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"எல்லாம் சொன்னாங்க, நல்லா கீதுன்னு. என் பேரயும் படிச்சாங்க. அதுக்கு சந்தோசம்தான் மச்சான், இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க கை தட்டுனது உனக்கு. நான் மாடில நின்னுகினு போன் போட்டுகினு இருந்தேன், அவ்ளோதான். என் படம் இன்னும் எடுக்கல."

அபிகாயில் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். ஜெபராஜ் கையமர்த்தினான்.

"க்ளிப்புக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன்" என்றான். "நின்னதுக்கும் கேக்க மாட்டேன். அடுத்த தடவ கெளம்பிகினு இருந்தாலும் அடிப்பேன்."

"தெரியும்டா. நீ அப்டித்தான்."

"ஆனா எடத்தக் காட்டுனது நானு. ஆளே இருக்காதுன்னு வாக்கு குடுத்ததும் நானு. நீயா வந்து நிக்கல, என்ன நம்பி வந்து நின்ன."

"வுடு மச்சான். அடுத்த போகிக்கு நீ லீவு போட்டாக்கூட வேற எவனாவது நடந்துகினு வருவான்."

அது ஜெபராஜுக்கும் தெரியும். அந்தப் பாதையில் ஒரு விடியலும் ஆள் நடக்காமல் விடிந்ததில்லை, விடியவும் கூடாது. அவன் வாக்கே முதலிலிருந்து கொடுக்க முடியாத வாக்கு. இருந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"உனக்கு ஒரு ரயில் தரணும் நானு," என்றான். "ஆளில்லாத ரயிலு. இன்னும் தரல."